ஃபியோகுரோமோசைட்டோமா ஆபரேஷன், நோயாளிக்கு பேஸ்மேக்கர்: மேக்னட் போதுமா, மோடை மாற்றணுமா?

இரண்டாமாண்டு_பிஜி:

எல்லாருக்கும் வணக்கம். லிஸ்டில் வரப்போகும் ஒரு கேஸுக்கு பிளான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் புத்தகங்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன.

56 வயதுப் பெண், 62 கிலோ. வலது அட்ரினலில் 5 செ.மீ. ஃபியோ (ஃபியோகுரோமோசைட்டோமா: அட்ரினலின், நார்அட்ரினலின் போன்ற கேட்டெகோலமைன்களைக் கொட்டும் அட்ரினல் சுரப்பிக் கட்டி). பிளாஸ்மா நார்மெட்டனெஃப்ரின் (நார்அட்ரினலினின் சிதைபொருள்) பல மடங்கு ஏறியிருக்கிறது, மெட்டனெஃப்ரின் சாதாரணம். முழு ஹார்ட் பிளாக்குக்காக (மேலறையான ஏட்ரியத்தின் துடிப்பு கீழறையான வென்ட்ரிகிளை எட்டாத நிலை) சில வருடங்களுக்கு முன் இடது மார்பில் இரட்டை அறை பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். டிடிடிஆர் மோட் (இரண்டு அறையையும் கவனித்து, தேவையானபோது மட்டும் துடிக்கவைக்கும்; கடைசி "ஆர்" என்பது அசைவு, மூச்சு போன்றவற்றுக்கு ஏற்ப வேகத்தை ஏற்றும் சென்ஸார்), கீழ் வேகம் 60, மேல் வேகம் 130. எக்கோவில் இடது வென்ட்ரிகிள் தடிப்பு, இஎஃப் (ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தப் பங்கு) 58%. பிரசோசின் (ஆல்ஃபா பிளாக்கர்: ரத்தக்குழாயை இறுக்கும் ரிசெப்டரை அடைக்கும் மருந்து) 5 மி.கி. மூன்று வேளை ஓடுகிறது. லேப்ராஸ்கோப்பி, இடது பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்த பொசிஷன்.

மின் கத்தியின் (டயதெர்மி) இரைச்சலைத் துடிப்பென்று எடுத்துக்கொண்டு பேஸ்மேக்கர் நின்றுவிடக்கூடாது. அதற்கு, மேலே வைத்தால் டிவைஸை நிலையான வேகத்துக்கு மாற்றும் காந்தத்தைப் பற்றி ஒரு சீனியர் "மேக்னட்டைக் கையில் வைத்துக்கொள், தேவைப்பட்டால் போடு, போதும்" என்கிறார். இன்னொருவர் முதலிலேயே டிஓஓ-வுக்கு (எதையும் கவனிக்காமல் இரண்டு அறையையும் நிலையான வேகத்தில் துடிக்கவைக்கும் அசின்க்ரனஸ் மோட்) மாற்றிவிடச் சொல்கிறார். கேட்டெகோலமைன் கொட்டும் நோயாளிக்கு அசின்க்ரனஸ் பேஸிங் ஆபத்தில்லையா? பீட்டா பிளாக்கர் தேவையா? ரோய்சன் அளவுகோலில் (ஃபியோ நோயாளி ஆபரேஷனுக்குத் தயாரா என்று பார்ப்பது) எஸ்டி-டி மாற்றம் (ஈசிஜியில் இதயத் தசைப் பாதிப்பைக் காட்டுவது) இல்லை என்று எழுத வேண்டும், பேஸ் ஆகும் ஈசிஜியில் அதை எப்படிப் பார்ப்பது? கட்டி வெளியே வந்து பிபி விழும்போது இதயம் தானாக வேகமெடுக்காதே, அதற்கு என்ன ஏற்பாடு?


ஆர்ட்லைன்:

மேக்னட்டை நம்பி உள்ளே போகாதீர்கள். உங்கள் கேஸில் காரணம் ரொம்ப எளிது: வலது அட்ரினலுக்கு நோயாளி இடது பக்கம் படுக்கிறார், ஜெனரேட்டரும் இடது மார்பில்தான். கை மடக்கி, அக்குளுக்குக் கீழே ரோல் வைத்து, பெல்ட் கட்டி, டிரேப் போட்டபின் அந்த இடத்துக்குக் கை போகாது. டேப் போட்டு ஒட்டிவைத்தாலும் டேபிளைச் சாய்க்கும்போது நகரும். பாதி நகர்ந்த மேக்னட் ஒரு நிமிஷம் வேலை செய்யும், அடுத்த நிமிஷம் செய்யாது, மோட் மாறி மாறிப் போவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இதே கட்டி இடது பக்கம் இருந்து, வலது பக்கம் படுக்கவைத்திருந்தால் ஜெனரேட்டர் மேலே இருக்கும், அப்போது உங்கள் சீனியர் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு.

இரண்டாவது, மேக்னட் தரும் வேகம் கம்பெனி வைத்த வேகம். மெட்ரானிக் 85, பாஸ்டன் சயின்டிஃபிக், அபாட் இரண்டும் 100. பயோட்ரானிக் ஆட்டோ அமைப்பில் பத்து துடிப்புக்கு 90 கொடுத்துவிட்டு மறுபடி சின்க்ரனஸுக்கே போய்விடும். மேக்னட் ரெஸ்பான்ஸையே ஆஃப் செய்து வைத்திருக்கும் டிவைஸ்களும் உண்டு. தடித்த வென்ட்ரிகிளுக்கு மணிக்கணக்கில் 100 நல்ல வேகமில்லை.

இனி முக்கியமான விஷயம். சாதாரண ஃபியோவில் நாம் ஹார்ட் ரேட்டைப் பார்த்தே பாதி முடிவு எடுக்கிறோம். நார்அட்ரினலின் கட்டியில் பிபி ஏறி ரேட் இறங்கினால் பாரோரிஃப்ளெக்ஸ் (பிபி ஏற்றத்துக்கு உடல் தானாக ரேட்டை இறக்குவது). இரண்டும் சேர்ந்து ஏறினால் அட்ரினலினோ, மயக்கம் ஆழம் குறைந்ததோ. பிபி இறங்கி ரேட் ஏறினால் திரவம் போதவில்லை. டிஓஓ 80-ல் ஓடும் நோயாளியிடம் இந்த மூன்றிலும் மானிட்டர் 80 என்றே காட்டும். ஆகவே இந்தக் கேஸில் ஆர்ட் லைன் (தமனிக்குள் குழாய் வைத்து பிபியைத் தொடர்ந்து காட்டுவது) அலையின் வடிவம், பல்ஸ் பிரஷர் மாற்றம், எண்ட் டைடல் கார்பன் டை ஆக்சைடு, பிஐஎஸ் (மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் எண்) இவைதான் கண். ஆர்ட் லைனை மிடசோலம் 1–2 மி.கி., லோக்கல் போட்டு இன்டக்ஷனுக்கு (மயக்கம் தொடங்குவதற்கு) முன்பே வைத்துவிடுங்கள்.

பல மானிட்டர்கள் பேஸிங் ஸ்பைக்கையே கியூஆர்எஸ் (வென்ட்ரிகிள் துடிப்பின் அலை) என்று எண்ணிவிடும். கேப்சர் (ஸ்பைக்குக்கு இதயம் துடிப்பது) போய் இதயம் நின்றிருந்தாலும் திரையில் 80 ஓடும். பேஸ் டிடெக்ஷனை ஆன் செய்யுங்கள், ஃபில்டரை டயக்னாஸ்டிக் மோடுக்கு மாற்றுங்கள், ரேட் கணக்கை ஆர்ட் லைனிலிருந்தோ பிளெத்திலிருந்தோ (விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் அலை) எடுக்கச் சொல்லுங்கள். பீப் சத்தமும் ஈசிஜியிலிருந்து வர வேண்டாம்.

ரோய்சன் அளவுகோல் 1982-ல் வந்தது. அதில் நான்கு: முந்தைய 24 மணி நேரம் பிபி 160/90-ஐத் தாண்டக்கூடாது; எழுந்து நின்றால் பிபி இறங்க வேண்டும், ஆனால் 80/45-க்குக் கீழே போகக்கூடாது; ஒரு வாரமாக எஸ்டி-டி மாற்றம் இருக்கக்கூடாது; ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விபிசி-க்கு (வென்ட்ரிகிளில் முந்தி வரும் தனித் துடிப்பு) மேல் கூடாது. மூன்றாவதை வென்ட்ரிகிள் பேஸ் ஆகும் ஈசிஜியில் எழுத முடியாது, எழுதினால் அது வெறும் சடங்கு. அதற்குப் பதில் ட்ரோபோனின், எக்கோவில் சுவர் அசைவு, இரண்டையும் எழுதுங்கள். நான்காவதை டிவைஸே எண்ணிவைத்திருக்கும். லீட்_வயர் சார் விளக்குவார்.

மருந்து அளவுகள், உங்கள் 62 கிலோவுக்கு: மெக்னீசியம் சல்பேட் கிலோவுக்கு 50 மி.கி. என்றால் சுமார் 3 கிராம், 10–15 நிமிஷத்தில், இன்டக்ஷனுக்கு முன்பே. பிறகு மணிக்கு 1–2 கிராம். ஃபென்டனில் கிலோவுக்கு 3–5 மைக்ரோகிராம், லிக்னோகெயின் கிலோவுக்கு 1.5 மி.கி., புரோபஃபால் மெதுவாக, வெகுரோனியம் கிலோவுக்கு 0.1 மி.கி. மெக்னீசியம் ரிலாக்ஸன்டை (தசை தளர்த்தும் மருந்து) நீட்டும், அதனால் நியூரோமஸ்குலர் மானிட்டர் இல்லாமல் டாப்-அப் வேண்டாம். பராமரிப்புக்கு செவோஃப்ளூரேன். டெஸ்ஃப்ளூரேன், கெட்டமின், பான்குரோனியம், அட்ராகுரியம், மார்ஃபின் வேண்டாம். சக்சினைல்கோலினுக்கு இங்கே இரட்டைக் காரணம்: தசை துடித்து வயிற்றை அழுத்திக் கட்டியைப் பிழியும், லீட் (பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி) யூனிபோலார் சென்ஸிங்கில் இருந்தால் அந்தத் தசைத் துடிப்பே பேஸிங்கை நிறுத்தும். வாந்திக்கு ஒண்டான்செட்ரான். மெட்டோகுளோபிரமைட், டிராபெரிடால், டெக்ஸாமெத்தசோன் மூன்றும் டிராலியிலேயே இருக்க வேண்டாம். கைத்தவறு அங்கேதான் நடக்கும்.

பிபி 160-ஐத் தாண்டினால் முதலில் சர்ஜனைக் கையெடுக்கச் சொல்லுங்கள். பிறகு வாசோடைலேட்டர்: நைட்ரோகிளிசரின் 50–100 மைக்ரோகிராம் போலஸ், நைட்ரோபுருசைடு நிமிஷத்துக்குக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமில் தொடங்கி, அல்லது ஃபென்டோலமின் 1–5 மி.கி. பழக்கதோஷத்தில் பீட்டா பிளாக்கரான எஸ்மலாலைத் தள்ளிவிடாதீர்கள். வென்ட்ரிகிள் நிலையான வேகத்தில் பேஸ் ஆகும்போது பீட்டா பிளாக்கர் பல்ஸைக் குறைக்காது, சுருங்கும் சக்தியை மட்டும் குறைக்கும். ஆஃப்டர்லோடு (இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமை) உச்சத்தில் இருக்கும்போது அப்படிச் செய்தால் நுரையீரலில் நீர் கோக்கும். எக்டோபிக் (விபிசி போன்ற முந்திய துடிப்பு) வரிசையாக வந்தால் மட்டும் எஸ்மலால், அதுவும் கிலோவுக்கு 0.5 மி.கி., வாசோடைலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது.

சென்ட்ரல் லைன் வலது ஜுகுலரில். லீட்கள் பழையவை, அசையும் பயம் குறைவு. ஆனாலும் கைடுவயரை 15–18 செ.மீ.க்கு மேல் தள்ள வேண்டாம். வென்ட்ரிகிளைத் தொட்டு வரும் எக்டோபிக், இந்த நோயாளியிடம் ஒன்றோடு நிற்காமல் போகலாம்.


லீட்_வயர்:

ஆர்ட்லைன் சொன்னதில் பெரும்பாலானதை ஒப்புக்கொள்கிறேன், டிஓஓ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தர்க்கம் உண்டு. அதற்கு முன் டிவைஸ் செக்.

அமெரிக்காவின் இதயத் துடிப்புச் சங்கமும் மயக்கவியல் சங்கமும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ஒருமித்த கருத்தின்படி, பேஸ்மேக்கர் என்றால் ஆபரேஷனுக்கு முந்தைய 12 மாதத்துக்குள் ஒரு செக் இருக்க வேண்டும். ஐசிடி (ஆபத்தான வேகத்துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் டிவைஸ்) என்றால் 6 மாதம். ஃபியோவுக்கு அது போதாது. ஆல்ஃபா பிளாக் முழு டோஸுக்கு வந்தபின், அட்மிஷனில் ஒருமுறை புதிதாகப் பாருங்கள். பார்க்க வேண்டியவை இவை.

டிபெண்டென்ட்டா (பேஸ்மேக்கர் இல்லாமல் இதயம் துடிக்காதா)? கீழ் வேகத்தைப் படிப்படியாக 30 வரை இறக்கி, சொந்தத் துடிப்பு வருகிறதா என்று பாருங்கள். முழு பிளாக் என்று பழைய கார்டில் எழுதியிருப்பதால் மட்டும் முடிவு கட்ட வேண்டாம். ஃபியோவில் பிபி எகிறும்போது பாரோரிஃப்ளெக்ஸால் சைனஸ் நிற்பதும் ஏவி பிளாக் வருவதும் உண்டு. அதனால் நினைவிழந்து விழுந்ததற்கு பேஸ்மேக்கர் வைத்து, கட்டி பிறகு கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். அப்படி இருந்தால் சொந்த ரிதம் நன்றாகவே இருக்கும், உங்கள் பிளானே மாறிவிடும்.

திரெஷோல்ட், அதாவது இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின் அளவு. கேட்டெகோலமைன் திரெஷோல்டை இறக்கும். கட்டி போனதும் அந்தத் துணை போய்விடும், கூடவே அசிடோசிஸ், பொட்டாசியம் ஏற்றம், ஆக்சிஜன் குறைவு எல்லாம் சேர்ந்தால் திரெஷோல்ட் ஏறும். ஆகவே வென்ட்ரிகிள் அவுட்புட்டை இன்றைய திரெஷோல்டைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். ஆட்டோ கேப்சர் போன்ற அமைப்பு அவுட்புட்டைத் திரெஷோல்டுக்கு ஒட்டி வைத்திருக்கும், அதை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

"ஆர்" கட்டாயம் ஆஃப். இதை ஒரு கடமையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஃபியோவில் அதன் அர்த்தம் வேறு. மினிட் வென்டிலேஷன் சென்ஸார் உள்ள டிவைஸில் வென்டிலேட்டர் காற்றை ஏற்றியவுடன், அல்லது மானிட்டரின் ரெஸ்பிரேஷன் இம்பீடன்ஸ் சிக்னலை வாங்கி, பேஸிங் மேல் வேகம் வரை ஏறும். 130-ல் ஓடும் நோயாளியைப் பார்த்துக் கட்டி கக்குகிறது என்று எஸ்மலால் ஏற்றிவிடுவீர்கள். பயோட்ரானிக்கின் சிஎல்எஸ் இன்னும் வில்லங்கம். அது வென்ட்ரிகிள் சுருங்கும் விதத்தை இம்பீடன்ஸால் அளந்து வேகத்தை முடிவு செய்கிறது, கேட்டெகோலமைன் ஏறினால் நேராக அதற்கே பதில் சொல்லும். அசைவு சென்ஸார் பெயின்ட் போடும்போதும் பொசிஷன் மாற்றும்போதும் ஏறும், அது அவ்வளவு தொல்லையில்லை. வேண்டுமென்றே ஒரு துடிப்பை விடும் மோட்கள், தூக்க நேர வேகம், ஹிஸ்டரிசிஸ் (சொந்தத் துடிப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பது), எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் டேபிளில் "பேஸ்மேக்கர் கெட்டுவிட்டது" என்ற கூச்சல் வராது.

இனி விபிசி எண்ணிக்கை. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 12. டிவைஸின் கவுன்ட்டர் மணிவாரியாக இருந்தால் நேராக ஒப்பிடலாம். ஆனால் நடுவில் ஏட்ரியல் துடிப்பு இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு வென்ட்ரிகிள் நிகழ்வு வந்தால் அதை விபிசி என்றே எழுதும், இரைச்சலும் அதில் சேரும். சந்தேகம் இருந்தால் சேமித்த எலக்ட்ரோகிராமைத் திறந்து பாருங்கள்.

பீட்டா பிளாக்கர் கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது. ரேட் ஹிஸ்டோகிராமில் ஏட்ரியம் தானாகத் துடித்த பங்கையும், பேஸ் ஆன பங்கையும் பிரித்துக் காட்டும். 90-க்கு மேலே உள்ள கட்டங்களில் சென்ஸ் ஆன ஏட்ரியம் நிறைந்திருந்தால் அது சைனஸ் வேகம், அதாவது கேட்டெகோலமைனோ பிரசோசினின் ரிஃப்ளெக்ஸோ. பேஸ் ஆன ஏட்ரியம் நிறைந்திருந்தால் அது வெறும் சென்ஸார், பீட்டா பிளாக்கரால் அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் வகை என்றால், ஆல்ஃபா பிளாக் தொடங்கிக் குறைந்தது மூன்று நான்கு நாள் கழித்து மெட்டோபுரோலால் 25 மி.கி. இரு வேளை. பேஸ்மேக்கர் இருப்பதால் பிளாக் கூடும் பயம் இல்லை என்று முதல் நாளே தொடங்குவது தவறு. இங்கே பயம் பிராடிகார்டியா அல்ல. பீட்டா-2 விரிவாக்கம் அடைபட்டு ஆல்ஃபா தனியாக இறுக்குவது.

இப்போது டிஓஓ. ஆபத்து இரண்டு அடுக்கு. வென்ட்ரிகிளில்: சொந்தத் துடிப்போ விபிசியோ வந்தால் ஸ்பைக் டி அலைமேல் (வென்ட்ரிகிள் மின்ரீதியாக மீளும் நேரம்) விழலாம். சாதாரண இதயத்தில் அரிது. கேட்டெகோலமைன் வெள்ளத்தில், பொட்டாசியம் 3-க்குக் கீழே இருக்கும் இதயத்தில் விஎஃப் (வென்ட்ரிகிள் துடிக்காமல் நடுங்குவது) வர அதுவே போதும். ஏட்ரியத்தில்: கட்டியைத் தொடும்போது சைனஸ் 120 போனால், 80-ல் விழும் ஏட்ரியல் ஸ்பைக் ஏஎஃப்-ஐத் (ஏட்ரியம் ஒழுங்கின்றி நடுங்குவது) தூண்டலாம். முழு பிளாக் என்பதால் வென்ட்ரிகிள் 80-லேயே நிற்கும், ஆனால் தடித்த வென்ட்ரிகிளுக்கு ஏட்ரியத்தின் தள்ளல் போய்விடும்.

ஆகவே சர்ஜன் மோனோபோலார் (கரண்ட் உடம்பு வழியாகப் பிளேட்டுக்குப் போகும் டயதெர்மி) தொடவே மாட்டேன் என்று உறுதி சொன்னால், நான் டிடிடி-யிலேயே விட்டு, "ஆர்" ஆஃப், மேல் டிராக்கிங் வேகத்தை 130-லிருந்து 100-க்கு இறக்கி, புரோகிராமரை (டிவைஸை வெளியிலிருந்து படித்து மாற்றும் கருவி) டெலிமெட்ரியோடு அறையிலேயே திறந்து வைத்திருப்பேன். மோட் மாற்றச் சில விநாடிகள் போதும். மோனோபோலாருக்கு வாய்ப்பிருந்தால் டிஓஓ 80, பொட்டாசியம் 4-க்கு மேல், மெக்னீசியம் ஓட்டத்தில்.


இரண்டாமாண்டு_பிஜி:

ரொம்ப நன்றி சார். ஒரு சந்தேகம்: டிடிடி-யில் விட்டு மேல் வேகத்தை 100 ஆக்கினால் சைனஸ் 130 போகும்போது என்ன தெரியும்? அப்புறம், டிஓஓ-வுக்குப் பதில் விஓஓ (வென்ட்ரிகிளை மட்டும் நிலையான வேகத்தில் துடிக்கவைப்பது) வைத்தால் ஏட்ரியல் பிரச்சினையே வராதே?


லீட்_வயர்:

விஓஓ வைத்தால் ஏட்ரியத்தைச் சீண்ட மாட்டீர்கள், ஆனால் ஏவி ஒத்திசைவை இன்டக்ஷனிலிருந்தே இழக்கிறீர்கள். தடிப்பு உள்ள வென்ட்ரிகிளுக்கு, அதுவும் ஆல்ஃபா பிளாக் ஆகி, நிமோபெரிடோனியம் (வயிற்றில் ஏற்றும் வாயு) வீனஸ் ரிட்டர்னை (இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை) அமுக்கும்போது, அது கட்டுப்படியாகாது. சைனஸ் 80-க்குக் கீழே இருக்கும் பெரும்பாலான நேரத்தில் டிஓஓ நல்ல ஒத்திசைவு தரும். ஏட்ரியம் ஏற்கெனவே நிரந்தர ஏஎஃப் என்றால் மட்டும் விஓஓ.

டிடிடி-யில் சைனஸ் 100-ஐத் தாண்டினால் வெங்கபாக் மாதிரி நடக்கும்: பல்ஸ் 100-ஐ ஒட்டி, அவ்வப்போது ஒன்று விடும். இன்னும் ஏறினால் இரண்டுக்கு ஒன்று. அந்த எல்லையைக் கணக்குப் போட்டு வையுங்கள்: ஏவி டிலே 150, வென்ட்ரிகிளுக்குப் பின் ஏட்ரியல் ரிஃப்ராக்டரி 250 என்றால் மொத்தம் 400 மில்லி விநாடி, 60,000-ஐ 400-ஆல் வகுத்தால் 150. சைனஸ் 150-ஐத் தாண்டிய கணத்தில் பல்ஸ் 100-லிருந்து 75-க்கு விழும். பார்ப்பவருக்கு "பிபி ஏறியது, ரிஃப்ளெக்ஸால் ரேட் இறங்கியது" என்று தோன்றும். உண்மையில் ஏட்ரியம் 150-ல் பறக்கிறது. ஈசிஜியில் பி அலையை எண்ணுங்கள், அல்லது புரோகிராமர் திரையில் மார்க்கர் சேனலைப் பாருங்கள், அதில் ஒரு நொடியில் தெரியும்.


கிளிப்_போடுபவர்:

சர்ஜன் பக்கத்திலிருந்து. "மோனோபோலார் தொடவே மாட்டேன்" என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வலது அட்ரினல் வெயின் ஒரு செ.மீ.க்கும் குட்டை, நேராக ஐவிசி-யின் (உடலின் கீழ்ப்பாகத்திலிருந்து வரும் பெரிய சிரை) பின்பக்கமாகச் சேரும். அங்கே கிழிந்தால் கையில் கிடைத்ததை எடுப்போம். ஆகவே என் வோட்டு டிஓஓ-வுக்கு. தொப்புளுக்கு மேலே மோனோபோலார் என்றால் எப்படியும் அதுதான் வழக்கம்.

பிரிப்பதற்கு அல்ட்ராசோனிக் கத்தியும் பைபோலார் வெசல் சீலரும் போதும், இந்த ஆபரேஷனில் அவை எப்படியும் கையில் இருப்பவை. மோனோபோலார் வேண்டுமென்றால் கோயாகுலேஷனை விட கட் மோட் இரைச்சல் குறைவு. ஒரு தடவைக்கு 5 விநாடிக்குள், நடுவில் சில துடிப்புக்கு இடைவெளி விட்டு, பவரைக் குறைத்து, திசுவைத் தொட்ட பிறகே பெடலை மிதிக்க வேண்டும். காற்றில் பொறி விட்டால் இரைச்சல் அதிகம். பிளேட்டை வலது தொடையிலோ புட்டத்திலோ முழுத் தொடர்போடு ஒட்டுங்கள். தோள், முதுகு மேல்பாகம் கூடாது. அங்கே ஒட்டினால் கரண்ட் மார்பைக் கடந்துதான் போகும். கேபிளையும் நெஞ்சுக்கு மேலே ஓடவிடாதீர்கள். லீட்_வயர் சார் சொல்லாமல் விட்டது ஒன்று: ஏட்ரியல் லீட் இரைச்சலைப் பி அலை என்று எடுத்துக்கொண்டால் டிடிடி மேல் வேகத்துக்கு ஓடும், வென்ட்ரிகிள் லீட் எடுத்துக்கொண்டால் பேஸிங்கே நிற்கும். இரண்டாவதுதான் கொல்லும். ஆர்ட் லைன் தட்டையானால் எங்களிடம் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: "நிறுத்து". மேக்னட்டைத் தேடுவது அதற்கப்புறம்.

வாயுவை மெதுவாக ஏற்றுகிறோம், 10–12 மி.மீ. பாதரசத்தில் நிறுத்துகிறோம். நிமோபெரிடோனியம் ஏற்றும் அந்த ஓரிரு நிமிஷம், கட்டியைத் திருப்பும் நேரம், இரண்டிலும் பிபி எகிறும், முன்கூட்டியே சொல்வோம். வெயின் கண்ணில் பட்டதும் சொல்வோம், கிளிப்புக்கு முன்பும் சொல்வோம். அந்த இரண்டு அறிவிப்பையும் செக்லிஸ்டிலேயே எழுதிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பின்பக்க ரெட்ரோபெரிடோனியல் வழி என்று முடிவு மாறினால் நோயாளி குப்புறப் படுப்பார், பிரஷர் 20 மி.மீ.க்கு மேல் போகும். ஜெனரேட்டர் நெஞ்சுக்கு அடியில். அங்கே மேக்னட் என்ற பேச்சே இல்லை, முன்னமே மாற்றியாக வேண்டும். டீஃபிப் பேடும் (வெளியிலிருந்து ஷாக், பேஸிங் கொடுக்க ஒட்டும் பட்டை) திருப்புவதற்கு முன்பே ஒட்டப்பட வேண்டும்.


ஆர்ட்லைன்:

பேட் பற்றி: எந்தப் பொசிஷனானாலும் முன்–பின் அமைப்பில், ஜெனரேட்டரிலிருந்து குறைந்தது 8 செ.மீ. தள்ளி. ஒருக்களித்தபின் ஒட்ட இடம் கிடைக்காது. தோல் வழி பேஸிங் வசதி உள்ள மெஷின்தானா என்று காலையிலேயே பாருங்கள். ஐசோபிரினலினை (இதய வேகத்தை ஏற்றும் பீட்டா மருந்து) பேக்கப்பாக எழுதாதீர்கள், இந்த நோயாளிக்கு அது விஷம்.

வெயின் கிளிப் (அட்ரினல் வெயினை அடைப்பது) விழுந்ததும் பிபி விழும் கேள்விக்கு வருகிறேன். சர்ஜன் "வெயின் தெரிகிறது" என்றதும் நைட்ரோபுருசைடு, மெக்னீசியம் இரண்டையும் நிறுத்துங்கள். அதற்குள் திரவம் போயிருக்க வேண்டும். கிளிப் விழுந்த சில நிமிஷத்தில் எஸ்விஆர் (ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு) சரியும். சாதாரண நோயாளி 70-லிருந்து 100-க்கு ஓடித் தன்னைத் தூக்கிக்கொள்வார், இவரால் முடியாது. கணக்கு எளிது: ஸ்ட்ரோக் வால்யூம் 60 மி.லி. என்றால் 80-ல் 4.8 லிட்டர், 90-ல் 5.4. அதனால் 80-ல் ஓட்டிக்கொண்டிருந்து, கிளிப்புக்கு அப்புறம் தேவைப்பட்டால் புரோகிராமரில் 90 ஆக்குகிறோம். 100-க்கு மேல் போனால் தடித்த வென்ட்ரிகிள் நிரம்ப நேரம் கிடைக்காது, ஏற்றியது இறங்கிவிடும். 60-ல் விட்டுவிட்டு நார்அட்ரினலினை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதைவிட இது மேல்.

வரிசை: 500 மி.லி. முதல் ஒரு லிட்டர் வரை கிரிஸ்டலாய்டு, நார்அட்ரினலின் நிமிஷத்துக்குக் கிலோவுக்கு 0.05-ல் தொடங்கி 0.3 மைக்ரோகிராம் வரை, பதில் இல்லையென்றால் வாசோபிரஸின் நிமிஷத்துக்கு 0.02–0.04 யூனிட். உங்களுக்கு பிரசோசின் என்பதால் ஆல்ஃபா ரிசெப்டர் சீக்கிரம் திரும்பும், காலை டோஸைக் கொஞ்சம் தண்ணீரோடு கொடுக்கலாம். ஃபினாக்ஸிபென்சமின் என்றால் கதையே வேறு. அது ரிசெப்டரை மீளாமல் பூட்டிவைக்கும், நார்அட்ரினலின் தோற்கும், வாசோபிரஸினை முதலிலேயே டைல்யூட் செய்து வைத்திருக்க வேண்டும். அட்ரினலின் வேண்டாம். ஆல்ஃபா அடைபட்ட இடத்தில் பீட்டா-2 மட்டும் வேலை செய்து பிபியை இன்னும் இறக்கும்.

பிபி விழுந்தவுடன் "கட்டி போனதால்" என்று மனதில் முத்திரை குத்திவிடாதீர்கள். ஐவிசி ரத்தக்கசிவு, கேப்சர் போனது, இரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டிய நேரம் அதுதான். ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் ஒரு ஆர்ட் லைன் மேடு இருக்கிறதா என்று பத்து துடிப்புக்கு விரல் வைத்து எண்ணுங்கள்.


ஐசியு_இரவு:

ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பவை பற்றி யாரும் எழுதவில்லை. கட்டி போனதும் இன்சுலின் அடைப்பு விலகி சர்க்கரை இறங்கும். முதல் 24 மணி நேரம் மணிக்கொரு தடவை பார்க்கிறோம். மற்றவர்களிடம் படபடப்பு, வேகத்துடிப்பு என்று ஏதாவது அறிகுறி வரும். இவர் டிஓஓ-விலேயே விட்டு வந்திருந்தால் பல்ஸ் 80-ஐ விட்டு நகராது, பீட்டா பிளாக்கரும் போட்டிருந்தால் மற்ற அறிகுறியும் மங்கும், மிச்சமிருக்கும் மயக்கத்தில் தூங்குகிறார் என்றே தோன்றும். குளுக்கோமீட்டர் ஒன்றுதான் துணை.

அதனால் டிஓஓ-வை ஐசியு-வுக்குக் கொண்டுவராதீர்கள். கடைசித் தையல் போட்டதும், டயதெர்மி அணைத்ததும், டேபிளிலேயே டிடிடி-க்குத் திருப்பிவிடுங்கள். விழித்த நோயாளியின் சைனஸ் வேகம் எப்படியும் ஏறும், அசின்க்ரனஸ் ஸ்பைக்கோடு மோதும். "ஆர்" மட்டும் மறுநாள் வரை ஆஃபாகவே இருக்கட்டும், நடுக்கமும் பிசியோதெரபியும் அதைக் கிளப்பும். கீழ் வேகத்தை வாசோபிரஸர் நிற்கும்வரை 80-ல் வைத்தால் எங்களுக்கு வசதி.

ஹேண்ட்ஓவரில் எழுதித் தர வேண்டியது: என்ன மோட், என்ன வேகம், யார் எப்போது திருப்பினார், திரெஷோல்ட் எவ்வளவு. "பேஸ்மேக்கர் ஓகே" என்று எழுதினால் ராத்திரி இரண்டு மணிக்கு எங்களுக்கு எதுவும் புரியாது.


இரண்டாமாண்டு_பிஜி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, எங்கள் இடத்தில் புரோகிராமர் இல்லை, கம்பெனி ஆள் காலையில் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்கிறார்கள். திருப்ப சாயங்காலம் வருவாராம். இதுவே ஐசிடி என்றால் என்ன மாறும் என்றும் சொல்ல முடியுமா?


லீட்_வயர்:

போகவிடாதீர்கள். முழு பிளாக், ஃபியோ, டிஓஓ, மூன்றும் சேர்ந்த நோயாளிக்கு புரோகிராமரும் அதை இயக்கத் தெரிந்தவரும் அறையில் இருந்தே ஆக வேண்டும். கிளிப்புக்குப் பின் 90 ஆக்குவதும் விபிசி குவிந்தால் உடனே டிடிடி-க்குத் திரும்புவதும் மேக்னட்டால் முடியாது. அவர் நாள் முழுக்க இருக்க முடியாதென்றால் தேதியை மாற்றுங்கள். ஆல்ஃபா பிளாக் ஓடும் ஃபியோ இரண்டு நாள் காத்திருக்கும். டிவைஸ் எந்தக் கம்பெனி என்பதை கார்டில் பார்த்து உறுதி செய்தபின் அழையுங்கள். ஒரு கம்பெனியின் புரோகிராமர் இன்னொன்றின் டிவைஸைப் படிக்காது. கார்டு தொலைந்திருந்தால் மார்பு எக்ஸ்ரேயில் ஜெனரேட்டரின் குறியீடு தெரியும்.

ஐசிடி என்றால் மேக்னட் ஷாக்கை மட்டும் நிறுத்தும், பேஸிங் மோடை மாற்றாது. ஆகவே டிபெண்டென்ட் நோயாளியின் ஐசிடி-மேல் மேக்னட் வைத்துவிட்டு டயதெர்மி ஓட்டினால் பேஸிங் நின்றுபோகும் ஆபத்து அப்படியே இருக்கும். டாக்கி தெரபி (வேகத்துடிப்புக்கான சிகிச்சை) ஆஃப், பேஸிங் டிஓஓ, இரண்டையும் புரோகிராமரில் செய்ய வேண்டும். ஆஃப் செய்த கணத்திலிருந்து திரும்ப ஆன் செய்யும்வரை டீஃபிப் பேட் உடம்பிலேயே இருக்க வேண்டும். லீட் இல்லாத மைக்ரா பேஸ்மேக்கர் வைத்தவர் வந்தால் மேக்னட்டை எடுக்கவே வேண்டாம், அதில் மேக்னட் சென்ஸாரே கிடையாது.